ஸ்பெயினில் இரண்டாம் ஆண்டு: மொழி உதவியாளர் கவனிக்க வேண்டியவை

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் இளைஞர்களை ஸ்பெயின் அரசு தன் பள்ளிகளுக்கு ஆங்கில உரையாடல் உதவியாளர்களாக வரவழைக்கிறது. அந்நாடுகளில் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். பகுதிக்கு ஏற்ப வாரம் 12 முதல் 16 மணி நேர வேலை இருக்கும். அக்டோபரில் தொடங்கி மே கடைசி வரை, சில பகுதிகளில் ஜூன் வரை நடக்கும். ஓராண்டு முடித்தவர் அடுத்த ஆண்டுக்கும் கேட்கலாம். அப்படித் திரும்பிப் போக நினைப்பவர், முதல் ஆண்டு முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன்பே ஆயத்த வேலைகளைத் தொடங்கிவிட வேண்டும். காரணம், தங்கும் அனுமதி.

அட்டையும் தேதியும்

ஸ்பெயினில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் கைரேகை பதித்து வாங்கும் டி.ஐ.இ. என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு முடிவுத் தேதி உண்டு. மறு ஆண்டுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அங்கிருந்தே நீட்டிப்பு கேட்பது. தேதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். புதிய ஆண்டுக்கான நியமனக் கடிதம் கையில் இருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் அட்டை காலாவதியாகி, கோடையில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், புறப்படும் முன் ‘திரும்பி வரும் அனுமதி’ வாங்கிக்கொள்ளுங்கள். அது 90 நாள்தான் செல்லும். திரும்பும் டிக்கெட் அந்த நாள்களுக்குள் இருக்கட்டும்.

இரண்டாம் வழி, ஊருக்குப் போய்ப் புது விசா எடுப்பது. அமெரிக்கர் என்றால் எஃப்.பி.ஐ. தரும் குற்றப் பின்னணிச் சான்றிதழ், அதற்கு அப்போஸ்டில் என்ற பன்னாட்டு அங்கீகார முத்திரை, மொழிபெயர்ப்பு, மருத்துவச் சான்றிதழ் எல்லாம் மறுபடியும் தேவை. ஒன்று முடிந்தால்தான் அடுத்ததற்கு நகர முடியும் என்பதால் வாரக்கணக்கில் இழுக்கும். ஊர் சேர்ந்ததும் தொடங்கிவிடுங்கள். சுற்றுலாப் பயணியாக நுழைந்து இந்த வேலையைத் தொடங்கலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் என்.ஐ.இ. என்ற உங்கள் வெளிநாட்டவர் அடையாள எண் மாறாது. வங்கிக் கணக்குக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் பழைய எண்ணே போதும்.

கையில் பணம்

மாத உதவித்தொகை பல பகுதிகளில் 800 முதல் 1,000 யூரோ வரை. முதல் தொகை அக்டோபரிலேயே வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். நவம்பரைத் தாண்டியும் தாமதமாவது உண்டு. வாடகை, ஒரு மாத முன்பணம், சாப்பாடு, பேருந்து எல்லாவற்றுக்கும் குறைந்தது இரண்டு மாதச் செலவைச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போங்கள். பழைய அறையே கிடைத்தால் நல்லது. புது அறை என்றால் நேரில் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். முகவரி மாறினால் நகராட்சியில் உள்ள குடியிருப்புப் பதிவையும் மாற்ற வேண்டும்.

பள்ளி

செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, கால அட்டவணையைக் கேளுங்கள். வகுப்புகளை மூன்று நான்கு நாள்களுக்குள் அடக்க முடியுமா என்று கேட்க அதுதான் சரியான நேரம். குழந்தைகளோடு பணிபுரிவதால், பாலியல் குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழும் தேவை. ஸ்பெயின் நீதி அமைச்சகம் அதை இலவசமாகவே தருகிறது.

வகுப்பில் ஆசிரியர் உடனிருக்க வேண்டும் என்பதும், மதிப்பெண் போடுவது உதவியாளர் வேலை இல்லை என்பதும் திட்டத்தின் விதிகள். உங்கள் வேலை பிள்ளைகளைப் பேச வைப்பது. அதே பள்ளிக்குத் திரும்பினால், கூச்சம் கலைந்த பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே பேசுவார்கள். முதல் ஆண்டில் எந்த வகுப்பில் எந்தப் பாடம் எடுபட்டது என்ற குறிப்புகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். உங்களால் பள்ளிக்கு உண்மையான பயன் கிடைப்பது இந்த இரண்டாம் ஆண்டில்தான்.

ஆகவே இன்றே உங்கள் அட்டையை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். எந்த வழி என்று தீர்மானித்த பிறகு விமான டிக்கெட் வாங்குங்கள்.