கடலடிக் கம்பியை அறுத்தது யார்?

2025 செப்டம்பர் 6-ஆம் தேதி செங்கடலில், சவூதி அரேபியாவின் ஜெட்டா துறைமுகத்தை ஒட்டிய பகுதியில், கடலடிக் கேபிள்கள் அறுந்தன. துபாயிலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் இன்டர்நெட் நொண்டியது. வளைகுடாவில் இருக்கும் அண்ணனோடு வீடியோவில் பேசிக் கொண்டிருந்தவர்களுக்கு முகம் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போயிருக்கும். ஆனால் ஊரிலுள்ள தாயாருக்குப் பணம் அனுப்பியவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை இல்லை. பணப் பரிமாற்றத் தகவல்களை இந்தியாவிலேயே வைக்க வேண்டுமென்று 2018-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. மும்பையிலிருந்து மதுரைக்குப் போகும் பணம் செங்கடலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை அல்லவா?

செங்கடல் என்றதும் யேமன் நாட்டு ஹூத்திகளின் நினைவு வருவது இயற்கையே. 2023 நவம்பரிலிருந்து அவர்கள் அவ்வழியே செல்லும் கப்பல்களைத் தாக்கி வந்தார்கள். ஆகவே இதுவும் அவர்கள் கைவரிசைதான் என்று முடிவு கட்டிவிடுவது மிகவும் சுலபம். ஆனால் கேபிள் துறையின் சர்வதேசக் குழு சொன்னது வேறு. ஏதோ ஒரு சரக்குக் கப்பல் தன் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனதால் அறுந்திருக்கக்கூடும் என்றது அக்குழு.

அரசியல் காரணம் தேடுகிறவர்களுக்கு நங்கூரம் ஏமாற்றமான பதில்தான். 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்து, இந்தியாவின் வெளிநாட்டுத் தொடர்பில் ஏறக்குறையப் பாதி நின்று போனது. பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிகள் திண்டாடின. அடுத்த இரண்டொரு நாளில் துபாய் அருகே இன்னொன்று அறுந்தது. அவ்வளவுதான், ஈரான்மீது படையெடுக்கும் முன்னேற்பாடு இது, ஈரானை உலகத்திலிருந்து துண்டித்துவிட்டார்கள் என்றெல்லாம் வதந்திகள் பறந்தன. உண்மையில் ஈரானின் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. துபாய்க் கேபிளைப் பழுது பார்க்கப் போனவர்கள் கடலடியில் கண்டது கைவிடப்பட்ட ஒரு நங்கூரம்! எடை ஐந்தாறு டன். அதைப் படம் பிடித்தும் வெளியிட்டார்கள்.

செயற்கைக்கோள் மூலம்தான் எல்லாம் நடக்கிறது என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கடலடியில்தான் ஓடுகிறது. ஆழ்கடலில் கிடக்கும் கேபிளின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவே. அதற்குள் தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகள். உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் மீன்பிடி வலையும் நங்கூரமுமே காரணம். பழுது பார்க்கும் கப்பல் கொக்கியைக் கடலில் இறக்கி, அறுந்த முனையைத் துழாவி மேலே இழுத்து, புதுத் துண்டு வைத்து இழையோடு இழை ஒட்டி, மறுபடியும் இறக்க வேண்டும். அதுவரை போக்குவரத்து வேறு வழியில் திருப்பிவிடப்படும். ஒரு பாதையில் தண்டவாளம் பெயர்ந்தால் எக்ஸ்பிரஸ் வண்டிகளைச் சுற்றுப்பாதையில் விடுவதில்லையா? அதே கதைதான். வண்டி போய்ச் சேரும், தாமதமாக.

இதற்காகச் சதியே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. போர் வந்தால் முதலில் கம்பியை அறுப்பது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் உள்ளவனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கு. எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அது சென்னைத் துறைமுகத்தின் அருகே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டு மறைந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். ஹைகோர்ட் சுவரில் அதன் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. இதுவரை பலருக்கும் தெரியும். அந்த எம்டன் ஒழிந்தது எப்படி என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாதது.

இந்துமகா சமுத்திரத்தில் கோகோஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த டைரக்ஷன் தீவில் பிரிட்டிஷாருக்கு ஒரு தந்தி நிலையம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் கடலடித் தந்திக் கம்பி அங்கேதான் கரையேறியது. அதை நாசமாக்க எம்டனின் தலைவர் வான் முல்லர் 1914 நவம்பர் 9-ஆம் தேதி காலை சுமார் ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார். ஆனால் தந்தி ஊழியர்கள் அதற்குள் முந்திக்கொண்டார்கள். அந்நியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தியில் அலறிவிட்டார்கள்.

கரையிறங்கிய ஜெர்மானியர் நல்ல மனிதர்கள் போலும்! கம்பத்தை வெட்டிச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி தந்தி ஊழியர்கள் கேட்டார்களாம். அப்படியே செய்தார்கள். கருவிகளை உடைத்தார்கள், கம்பியை அறுத்தார்கள். அறுத்ததில் ஒன்று வெறும் போலித் துண்டு! ஒளித்து வைத்திருந்த உபரிக் கருவிகளைக் கொண்டு நிலையம் சீக்கிரமே மறுபடி பேசத் தொடங்கியது.

இதற்குள் சுமார் ஐம்பது மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' விரைந்து வந்துவிட்டது. எம்டன் தன் ஆட்களைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. சண்டையில் அது சின்னாபின்னமாகித் தரை தட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையைக் கலக்கிய எம்டனைக் கவிழ்த்தது ஒரு தந்தி என்றால் மிகையில்லை. கரையில் நின்றவர்கள் 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பி, பிறகு வேறு கப்பலில் ஏறி, 1915 ஜனவரியில் போய் இறங்கிய இடம் ஹொடைடா. ஆம், இன்று ஹூத்திகள் பற்றிய செய்திகளில் அடிபடும் அதே யேமன் துறைமுகம்தான்!

பிரிட்டன் மட்டும் சும்மா இருந்ததா? போர் அறிவித்த மறுநாளே, 1914 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் ஐந்து கேபிள்களை அறுத்துப் போட்டது. சொந்தக் கம்பி இல்லாத ஜெர்மனி, பிறர் கம்பியில் ரகசியம் அனுப்ப நேர்ந்தது. 1917-இல் மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகத் தூண்டிய ஜிம்மர்மன் தந்தி அமெரிக்கத் தூதரகத்தின் கம்பி வழியாகவே போனது. அந்தக் கம்பி சென்றது லண்டன் வழியாக! பிரிட்டிஷார் படித்து, அமெரிக்காவுக்குக் காட்டினார்கள். அந்த ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதித்தது.

கேபிளைக் காக்க 1884-இல் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. போர் செய்யும் நாடுகளை இது கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பூட்டையும் செய்து, சாவியைத் திருடனிடமே கொடுத்த கதை.

இன்றைக்கோ போர் என்று சொல்லிக்கொள்ளாமலே அறுபடுகிறது. 2024 பிப்ரவரியில் ஹூத்திகள் ஏவுகணையால் தாக்கிய 'ரூபிமார்' என்ற உரக் கப்பல், மூழ்குமுன் நங்கூரத்தோடு மிதந்து சென்று மூன்று கேபிள்களை அறுத்ததாக அமெரிக்க அதிகாரிகள் கருதினார்கள். ஹூத்திகள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். குறி பார்த்தது கப்பலை, அறுந்ததோ கேபிள். இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? போர்முனையில் பழுது பார்க்கவும் கப்பல் எளிதில் போக முடியாமல் மாதக்கணக்கில் இழுத்தது.

பால்டிக் கடலில் 2024 டிசம்பர் 25-ஆம் தேதி பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையே மின்சாரக் கேபிளும் வேறு சில தகவல் கேபிள்களும் அறுந்தன. ரஷ்ய எண்ணெய் ஏற்றி வந்த 'ஈகிள் எஸ்' கப்பலைப் பின்லாந்து பிடித்தது. வழக்கும் நடந்தது. சம்பவம் நடந்த இடம் நமது கடல் எல்லைக்கு வெளியே, விசாரிக்க அதிகாரமில்லை என்று 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது.

பணக்கார நாட்டுக்குப் பத்துக் கம்பி உண்டு. ஒன்று போனால் ஒன்று. தோங்கா தீவுக்கோ 2022-இல் வெளியுலகுக்கு ஒரே கம்பிதான் இருந்தது. 2022 ஜனவரி 15-ஆம் தேதி எரிமலை வெடித்து அது அறுந்ததும், மீண்டும் இணைக்க ஐந்து வாரம் ஆயிற்று. இந்தியாவிடம் சொந்தமாகப் பழுது பார்க்கும் கப்பல் இல்லை என்பதை 2023-இல் டிராய் எடுத்துக்காட்டியது.

கேபிள் அறுத்தவரைக் கையும் களவுமாகப் பிடித்ததும் உண்டு. 2011 மார்ச்சில் அர்மீனியா நாட்டில் ஏறக்குறைய முழுவதும் இன்டர்நெட் ஐந்து மணி நேரம் நின்று போயிற்று. தேடிப் பார்த்தால், பக்கத்து நாடான ஜார்ஜியாவில், அந்நாட்டு ரயில்வேயின் தொலைத்தொடர்புக் கம்பெனிக்குச் சொந்தமான கேபிளில் வெட்டு. வெட்டியவர் 75 வயது மூதாட்டி! பழைய செம்புக் கம்பி கிடைத்தால் விற்கலாமென்று மண்வெட்டியால் தோண்டியிருக்கிறார். போலீசார் அவரைப் பிடித்து, வயதை உத்தேசித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நிருபர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, இன்டர்நெட் என்றால் என்னவென்றே தமக்குத் தெரியாது என்றாராம் பாட்டி.