டிரினிடாட்டுக்குப் பசியோடு போங்கள்

கரீபியன் தீவு என்றதும் வெள்ளை மணலும் சாய்ந்த தென்னையும்தான் உங்கள் நினைவுக்கு வரும் என்றால், டிரினிடாட் உங்களை ஏமாற்றிவிடும். வெனிசுவேலாவை ஒட்டிக் கிடக்கும் இந்தத் தீவு எண்ணெயையும் எரிவாயுவையும் விற்றுப் பிழைக்கிறது. சுற்றுலாக்காரர்களை வருந்தி வருந்தி அழைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அங்கே பாயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில் அமோனியா ஆலையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் அந்தப் பக்கம் போகிற உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பார்கள். விடுதியில் இலவசமாகத் தருகிற காலைச் சாப்பாட்டைத் தொடாதே, வெறும் வயிற்றோடு தெருவுக்குப் போ என்பேன்.

தெருமுனையில் ஒரு மேசை, அதன்மேல் சூடு ஆறாத பெட்டி, தலைக்கு மேலே ஒரு பெரிய குடை. டபிள்ஸ் என்ற காலைப் பலகாரம் விற்கும் கடை என்பது அவ்வளவுதான். மைதாவில் மஞ்சளும் ஈஸ்ட்டும் சேர்த்துத் தளரப் பிசைந்து, கையால் தட்டி எண்ணெயில் போட்டு, மொறுமொறுப்பு ஏறுவதற்குள் எடுத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் பாரா. விற்பவர் ஒரு காகிதத்தில் இரண்டு பாராவை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி போடுவார். நடுவில் ஒரு கரண்டி கொண்டைக்கடலைக் குழம்பு, அதற்கு மேல் துருவிய வெள்ளரிக்காய், புளிச் சட்னி, மிளகாய்ச் சாந்து. காகிதத்தின் இரு முனையையும் முறுக்கி உங்கள் கையில் தருவதற்குள், அடுத்த ஆளுக்கான பாரா விழுந்திருக்கும். நின்றபடியே கையால் சாப்பிட வேண்டும். எத்தனை சாப்பிட்டோம் என்று கடைசியில் நாமே சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். 1930களில் பிரின்சஸ் டவுனில் தீன் குடும்பத்தார் விற்கத் தொடங்கிய பண்டம் இது. இன்று அமைச்சரும் தின்கிறார், ஆலைத் தொழிலாளியும் தின்கிறார்.

காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். நாமெல்லாம் காரம் தின்று வளர்ந்தவர்கள் என்ற வீறாப்பு இங்கே வேண்டாம். ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள், போதும். மொருகா ஸ்கார்பியன் என்ற மிளகாய் இந்த மண்ணில் விளைந்ததுதான். 2012இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் சோதித்தபோது அதன் சராசரிக் காரமே 12 லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டியது.

தெற்கே டெபே என்ற ஊர்ச் சாலையோரத்தில் வரிசையாகப் பலகாரக் கடைகள் இருக்கும். சேம்பிலையில் மாவு தடவிப் பொரித்த சஹீனா, பட்டாணிப் பருப்பு மாவில் செய்த போலோரி, உருளைக்கிழங்கு அடைத்த ஆலூ பை எல்லாம் கிடைக்கும். எனக்குச் சஹீனாதான். மதியத்துக்கு ‘பஸ் அப் ஷட்’ கேளுங்கள். கல்லில் போட்ட பெரிய பரோட்டாவை இரண்டு மரக்கரண்டியால் அடித்து நார் நாராக உதிர்த்து, ஆட்டுக்கறிக் குழம்போடு தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். சேம்பிலையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலில் வெந்த கலலூ அன்றைக்கு அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும்.

இந்தச் சாப்பாடெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களை வாட்டர்லூ கடற்கரைக்கு அழைத்துப் போவேன். 1845 மே 30ஆம் தேதி ‘ஃபாட்டல் ரசாக்’ கப்பல் டிரினிடாட்டுக்குக் கொண்டுவந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் தொடங்கி, 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்கள். சென்னையிலிருந்து வந்த கொஞ்சம் பேரின் வழக்கம் இன்றும் சில காளி கோயில்களில் தப்பு முழக்கமாகக் கேட்கிறது. அப்படி வந்த கூலிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் சிவதாஸ் சாது. 1947இல் கரும்புக் கம்பெனி நிலத்தில் சின்னதாக ஒரு கோயில் கட்டினார். 1952இல் அதை இடித்து, அவரைப் பதினான்கு நாள் சிறையில் வைத்தார்கள். நிலம்தானே கம்பெனியுடையது, கடல் இல்லையே! வெளியே வந்தவர் சைக்கிளில் கல்லும் சிமென்டும் கொண்டுபோய், அலை வற்றும் நேரத்தில் கடலுக்குள் கொட்டிக் கொட்டிப் பாதை போட்டு, அதன் முனையில் கோயிலை எழுப்பினார். ஆயுள் முடியும்வரை அதே வேலைதான். அலை அரித்த அந்தக் கோயிலை 1995இல் அரசே எடுத்துக் கட்டியது. காலையில் போங்கள், வெயில் ஏறினால் தரையில் கால் வைக்க முடியாது.

அங்கிருந்து தென்மேற்கே லா பிரேயா. உலகத்திலேயே பெரிய இயற்கைத் தார் ஏரி இங்கேதான், சுமார் 100 ஏக்கர். சுருக்கம் விழுந்த யானைத் தோல் மாதிரி கிடக்கும். மேலே நடக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் செருப்பு மெல்ல அழுந்தும். குச்சியால் குத்தினால் சில இடங்களில் கறுப்பாக நூல் இழுக்கும். மடிப்புகளில் தேங்கிய மழைத்தண்ணீரில் கந்தக வாடை வீசும். தோல் வியாதிக்கு நல்லது என்று ஊர்க்காரர்கள் அதில் இறங்கிக் குளிப்பார்கள். 1595இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே கப்பல் இடுக்குகளை இந்தத் தாரால்தான் அடைத்தார். 1876இல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவுக்குப் போட்டதும் இதுதான். வேடிக்கை என்னவென்றால், லா பிரேயாவில் தரைக்கடியில் தார் நகர்வதால் அந்த ஊர்ச் சாலையே மேடும் பள்ளமுமாக இருக்கும். வழிகாட்டி இல்லாமல் ஏரிக்குள் இறங்க வேண்டாம்.

மாலைக்குக் கரோனி சதுப்புநிலம். நாலு மணி வாக்கில் படகு கிளம்பும். அலையாத்தி மரக்கிளைகளில் பாம்பு சுருண்டு தூங்குவதைப் படகோட்டி காட்டுவார். அவர் காட்டினாலும் நமக்குத் தெரிய நேரமாகும். பொழுது சாய்கையில் செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரு திட்டில் இறங்கும். குஞ்சாக இருக்கையில் பழுப்புதான். தின்கிற நண்டும் இறாலும்தான் சிவப்பை ஏற்றுகின்றன. இந்தப் பறவையைத் திருட்டுத்தனமாக வேட்டையாடித் தின்றவர்களும் உண்டு. 2018இல் சட்டத்தைக் கடுமையாக்கி, அபராதத்தை ஒரு லட்சம் டிரினிடாட் டாலராக உயர்த்தினார்கள். படகைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கைபேசிப் படத்தில் சிவப்புப் புள்ளிதான் விழும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கொசு பிடுங்கும்.

கார்னிவலுக்குப் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய இரண்டு நாளும் ஆட்டம்தான்; அறை வாடகை விண்ணைத் தொடும். என் யோசனை, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் போங்கள். இரவில் பான் யார்டு எனப்படும் பயிற்சித் திடல்களில் நூறு பேருக்கு மேல் சேர்ந்து ஸ்டீல்பான் வாசிப்பார்கள். எண்ணெய் பீப்பாயின் அடியைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரம் வரவழைத்த வாத்தியம் அது. கையில் தாளே இல்லாமல், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சரிசெய்வார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயின் சார்லட் தெருவில் ரெனிகேட்ஸ் குழுவின் திடல் இருக்கிறது. திரும்பும்போது மட்டும் தெரிந்த டாக்சியில் வாருங்கள். இரவில் நகர மையத்தில் நடக்க வேண்டாம்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்குக் குயின்ஸ் பார்க் ஓவல். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் வென்ற மைதானம். கவாஸ்கரின் முதல் டெஸ்ட் என்று எல்லாரும் பேசுவார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த நம் வெங்கட்ராகவனை நாமாவது பேசலாம்.

இவ்வளவு சொல்லியும் கடற்கரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மலையைத் தாண்டி மராக்காஸ் போங்கள். அங்கே பொரித்த ரொட்டிக்குள் சுறா வைத்துத் தருவார்கள். இல்லாவிட்டால் படகேறி டொபேகோ தீவு. அங்கே 1776இலேயே சட்டம் போட்டுக் காப்பாற்றிய காடு இருக்கிறது, தெளிந்த கடல் இருக்கிறது, ஸ்டோர் பேயில் நண்டுக் குழம்பும் மாவுக் கொழுக்கட்டையும் இருக்கின்றன. நண்டை ஓட்டோடுதான் போடுவார்கள், உடைத்து உறிஞ்ச வேண்டும். வெள்ளைச் சட்டையை அன்றைக்குப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.