கணிப்பொறியில் செயலற்று நிற்கும் பணிப்பட்டை

கணிப்பொறியை இயக்கிக் கடவுச்சொல்லையும் தந்தபின் திரையில் சின்னங்கள் யாவும் முறைப்படி தோன்றுகின்றன. ஆயினும் திரையின் அடியிலுள்ள டாஸ்க்பார் எனப்படும் பணிப்பட்டை மட்டும் எத்துணை முறை சொடுக்கினும் அசைவதில்லை. மாத அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில் இவ்வாறு நேரின், மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவதே பலரது வழக்கம். இது பெரும்பாலும் தேவையற்றது; திறந்திருக்கும் கோப்புக்குக் கேடு விளைப்பதும் ஆகும்.

1995-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 முதற்கொண்டு இப்பட்டையைத் திரையில் வரைந்து காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்னும் நிரலாகும். கோப்புறைகளைத் திறந்து காட்டுவதும் அதுவே. அஃது இயக்க முறைமையின் உட்கருவன்று. அதன்மேல் இயங்கும் நிரல்களுள் ஒன்றே. வாயிற்காவலன் மயங்கி வீழ்ந்தான் என்பதனால் உள்ளே அலுவல்கள் நின்றுவிட்டன என்று கொள்ளலாகாது அன்றோ?

மயக்கத்தின் காரணத்தை நோக்குவோம். நாம் செய்யும் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு செய்தியாக வரிசையில் சேர்கிறது. நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கவனிக்கிறது. ஒரு செய்தியைக் கவனிக்கையில் வேறொன்றின் விடைக்காக அது காத்து நிற்குமாயின், பின்வரும் செய்திகள் யாவும் தேங்கிவிடும். ஏறத்தாழ 5 விநாடி வரை எச்செய்தியும் எடுக்கப்படாவிடின், அந்நிரல் பதிலளிக்கவில்லை என விண்டோஸ் கருதுகிறது. தொடக்க வேளையில் இத்தகைய காத்திருப்புகள் மிகுதி. பல நிரல்கள் ஒருங்கே எழுந்து வட்டினை நாலாபுறமும் இழுக்கின்றன. தலைமை அலுவலகத்தின் வலையமைப்பு வட்டு இணைக்கப்பட்ட மடிக்கணினியை வெளியூர் முகாமுக்குக் கொண்டு சென்றால், எட்டாத அவ்வட்டினை எக்ஸ்ப்ளோரர் தேடிக்கொண்டிருத்தலும் கூடும். களப்பணியாளர் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. பழைய பொறியாயின், இரண்டொரு நிமிடம் பொறுத்திருந்தாலே பட்டை தானாக உயிர்பெறுதல் உண்டு.

பொறுத்தும் பயனில்லையெனின் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துக. அதனால் தோன்றும் திரையை எக்ஸ்ப்ளோரர் காட்டுவதில்லை. ஆதலின் அது தோன்றுமாயின் முறைமை நலமே இயங்குகிறது என்று துணியலாம். திறந்துள்ள ஆவணங்களைக் கன்ட்ரோல், எஸ் விசைகளால் சேமித்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளால் டாஸ்க் மானேஜரை வரவழைக்க வேண்டும். அதிலுள்ள பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தெரிந்து, மீளத் தொடங்கும் கட்டளையைத் தருக. பட்டை ஒரு கணம் மறைந்து புதிதாகத் தோன்றும். கோப்புறைச் சாளரங்கள் மூடக்கூடுமேயன்றி, பிற நிரல்களில் எழுதிய ஆவணங்களுக்கு ஊறில்லை. ஆனால் கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கும்போது இதனைச் செய்தல் தகாது. நகலிடுவதும் எக்ஸ்ப்ளோரரே ஆதலின் அப்பணி இடையில் அறுந்துவிடும்.

நாள்தோறும் இத்தொல்லை தொடருமாயின், டாஸ்க் மானேஜரின் தொடக்க நிரல் பட்டியலைக் காண்க. அனைத்தையும் ஒருசேர நிறுத்தினால் குற்றவாளி எதுவென்று புலப்படாது; பாதிப் பாதியாக நிறுத்திச் சோதிப்பதே சிறந்தது. மற்றொரு செய்தி பலர் அறியாதது. விண்டோஸ் 8 முதலாக, விரைவுத் தொடக்க ஏற்பாடு உள்ள பொறிகளில், அணைக்கும் கட்டளை உட்கருவின் நிலையை வட்டில் எழுதி வைத்து மறுநாள் அதனையே மீட்கிறது. அணைத்து ஏற்றியும் நீங்காத கோளாறு, ரீஸ்டார்ட் கட்டளையால் நீங்குவதன் காரணம் இதுவே. புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் பட்டை நன்கு இயங்கினால், பழுது பழைய கணக்கின் அமைப்புகளில் உள்ளது. அங்கும் இயங்காவிடின், சிஸ்டம் பைல் செக்கர் கொண்டு முறைமைக் கோப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

பழுது நம் பொறியிலேயே தோன்றியதாதல் வேண்டும் என்பதுமில்லை. 2021 செப்டம்பரில் விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியோர் பலருக்குப் பணிப்பட்டையும் ஸ்டார்ட் பட்டியலும் ஒருங்கே முடங்கின. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்த தரவே அதற்குக் காரணம். டாஸ்க் மானேஜர் வழியாகக் கட்டளைத் திரையைத் திறந்து, ரிஜிஸ்ட்ரியில் ஒரு பதிவை நீக்கி, பொறியை மீளத் தொடங்குமாறு அந்நிறுவனமே வழி கூறியது. ஆகவே ஒரே பள்ளியில் பல பொறிகள் ஒரே நாளில் இவ்வாறு நிற்குமாயின், வட்டினை அழித்து முறைமையைப் புதிதாக நிறுவ முற்படுமுன், முந்தைய நாள் வந்த புதுப்பிப்பு யாதென்று பார்த்தல் வேண்டும்.