ஆரோனியன் – ஆனந்த், வீக் ஆன் சே 2013

ஆரோனியன் – ஆனந்த், வீக் ஆன் சே 2013 என்பது நெதர்லாந்தில் நடைபெற்ற டாட்டா ஸ்டீல் சதுரங்கச் சுற்றுப்போட்டியின் நான்காம் சுற்றில், 2013 சனவரி 15 அன்று ஆடப்பட்ட ஆட்டமாகும். ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியன் வெள்ளைக் காய்களுடனும், அப்போதைய உலக வாகையாளர் விசுவநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடனும் ஆடினர். 23 நகர்வுகளில் ஆனந்த் வென்றார்.

திறப்பு

டி5 சிப்பாயை சி6, இ6 சிப்பாய்களால் கறுப்பு தாங்கிக்கொள்ளும் இத்திறப்பு அரைச் சிலாவ் தடுப்பாட்டம் எனப்படும். பின்னர் சி4 சிப்பாயை வெட்டி, பி5 என்று முன்னேறி வெள்ளையின் அமைச்சரை விரட்டுவது இதன் மெரான் வகையாகும். 1924இல் இத்தாலியின் மெரான் நகரப் போட்டியில் குரூன்ஃபெல்டுக்கு எதிராக அக்கிபா ரூபின்ஸ்டைன் இதனை ஆடியதால் இப்பெயர் ஏற்பட்டது. இ6 சிப்பாயால் அடைபட்டுக் கிடக்கும் அமைச்சர் பி7 கட்டத்திற்கு வருகிறார். சி6 சிப்பாய் சி5 கட்டத்திற்கு நகர்ந்ததும் அவருடைய மூலைவிட்டம் திறக்கிறது. இந்த அமைச்சரைக் கவனத்தில் கொள்ளாமல் ஆட்டத்தின் முடிவைப் புரிந்துகொள்ள இயலாது.

ஆட்டத்தின் போக்கு

12ஆம் நகர்வில் ஆரோனியன் குதிரையை ஜி5 கட்டத்திற்குக் கொண்டுவந்து, அடுத்து எச்7 சிப்பாயை வெட்டினார். எஃப்8 கோட்டை தாக்கப்பட்டிருந்தும் ஆனந்த் அதைக் காக்கவில்லை. மாறாக, குதிரையை ஜி4 கட்டத்திற்குச் செலுத்தினார். 15ஆம் நகர்வில் டி4 சிப்பாய் வெட்டக்கூடிய சி5 கட்டத்தில் அமைச்சரை வைத்தார். பயில்வோர் இங்கே பலகையை நிறுத்தி வெள்ளையின் மறுமொழியைத் தாமே தேடிப் பார்த்தல் நன்று.

அடுத்த நகர்வு அதனினும் வியப்பானது. டி7 குதிரை இ5 கட்டத்திற்குச் சென்றது. அதை எஃப்4 சிப்பாய் வெட்டினால், கறுப்பு அரசி டி4 சிப்பாயை வெட்டி முற்றுகையிடும். அரசன் மூலைக்கு ஒதுங்கினால் அரசி ஜி1 கட்டத்தில் தன்னையே பலியிடும். கோட்டை அதை வெட்டியே ஆகவேண்டும். உடனே குதிரை எஃப்2 கட்டத்தில் இறுதி முற்றுகையிடும். தன் காய்களாலேயே மூச்சடைத்து அரசன் வீழ்வான்.

ஆரோனியன் அதைத் தவிர்த்து, பின்னர் கோட்டையையும் வெட்டினார். ஆனாலும் 23ஆம் நகர்வில் ஆனந்தின் மற்றோர் அமைச்சர் இ3 கட்டத்திற்கு வந்து, டி3 கட்டத்திலிருந்து வெள்ளை அரசி எச்3 சிப்பாய்க்கு அளித்துவந்த காவலைத் துண்டித்தார். கறுப்பு அரசி எச்3 சிப்பாயை வெட்டினால் ஜி2 சிப்பாயால் அதை எடுக்கவும் முடியாது. பி7 அமைச்சரின் பார்வை அச்சிப்பாயைத் தாண்டி அரசன்மீது நிலைத்திருந்தது. ஆரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

பின்னணி

2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக வாகையாளர் போட்டிக்கென உருவாக்கிய தயாரிப்பே இதில் பயன்பட்டதாக ஆனந்த் தெரிவித்தார். இரு அமைச்சர்களும் எதிரி அரசனை நோக்கி நிற்கும் காட்சியால், 1907இல் வூட்ச் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் வென்ற புகழ்பெற்ற ஆட்டத்துடன் இவ்வாட்டம் ஒப்பிடப்படுகிறது. சுற்றுப்போட்டியை மாக்னசு கார்ல்சன் வென்றார்.