பந்திப்பூர் சாலையில் நீளும் கை

ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகும் நெடுஞ்சாலை முதுமலையைத் தாண்டியதும் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்துக்குள், பந்திப்பூர் காட்டுக்குள் நுழைகிறது. வழியில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுப்பதை நம்மில் பலர் புண்ணியமாகவே நினைக்கிறோம். அதில் கருணை இருப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் குரங்கின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால், நாம் அதற்குச் செய்யும் கெடுதல்களில் இதுவும் ஒன்று என்பது புரியும்.

இந்தச் சாலையில் இரண்டு வகைக் குரங்குகளைப் பார்க்கலாம். கரிய முகமும் நீண்ட வாலும் கொண்ட சாம்பல் நிற மந்தி பெரும்பாலும் இலைதழை தின்று வாழ்வது. அதன் வயிறு பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. இனிப்பும் மாவும் அந்த வயிற்றுக்கு ஏற்ற தீனி அல்ல. இன்னொன்று, உச்சந்தலை மயிர் குல்லாய்போலப் படிந்திருக்கும் நாட்டுக்குரங்கு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம் இது. பழம், பூ, விதை, தளிர், வெட்டுக்கிளி, சிலந்தி என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். அவசரமாகச் சேகரித்துக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு, பத்திரமான கிளைக்குப் போய் நிதானமாக மெல்லும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தாய், தமக்கையரோடு ஆயுளைக் கழிக்கின்றன. வளர்ந்த ஆண்கள் பல வேறு கூட்டம் தேடிப் போகின்றன. ஒரே கூட்டத்தில் பல ஆண்கள் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு, பேன் பார்த்துக்கொண்டு வாழ்வது இந்த இனத்தின் சிறப்பு. கிடைக்கும் உணவு காடெங்கும் சிதறிக் கிடக்கும்போது அமைந்த வாழ்க்கை இது.

சாலையோரத்து உணவு இதைத்தான் மாற்றியது. பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திய சின்ஹாவும் அவருடைய குழுவினரும் பந்திப்பூர், முதுமலைக் குரங்குகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். ஒரே ஓர் ஆணை மட்டும் கொண்ட சிறு கூட்டங்கள் இங்கே நிறைய இருப்பதை அவர்கள் 2005இல் எழுதினார்கள். மற்ற இடங்களில் அரிதான இந்த அமைப்புக்கு, பயணிகள் கொடுக்கும் உணவையும் ஒரு காரணமாகச் சுட்டினார்கள். 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு மேலும் வியப்பூட்டுவது. பந்திப்பூர்க் குரங்குகள் மனிதரை நோக்கித் திரும்பி உட்கார்ந்து, கையை நீட்டி, நம் முகத்தைக் கவனித்தபடி உணவு கேட்கின்றன. அந்தக் கை நீட்டல் நம்மை உத்தேசித்தே செய்யப்படும் சைகை என்று கள ஆய்வு காட்டியது. எத்தகைய அறிவு! அந்த அறிவை நாம் தார்ச்சாலையின் ஓரத்தில் கட்டிப்போட்டிருக்கிறோம் என்பதுதான் வருத்தம். 2009 முதல் இங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அதனால் யானைக்கும் சிறுத்தைக்கும் நிம்மதி. பகலில் நடமாடும் குரங்குக்கு அதனால் பெரிய பயனில்லை. கேட்டுக் கிடைக்காதபோது பையைப் பறிக்கும், கடிக்கும். அப்புறம் பழியும் அதன் மேல்தான்.

கோடையில் காடு காய்ந்து கிடக்கிறதே, பசியோடு வருவதற்குக் கொடுக்காமல் இருப்பது தர்மமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பிஸ்கட் கோடையில் மட்டும் விழுவதில்லை. மழை பெய்து காடு தழைத்திருக்கும்போதும் விழுகிறது. நோயைக் காட்டி, குரங்குகளை அப்புறப்படுத்த வேண்டும் என்போரும் உண்டு. 1957இல் சிவமொக்கா பகுதியில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் 2012இன் இறுதியில் பந்திப்பூரில் தலைகாட்டியது. குரங்குகள் மடிந்தன, வனப் பணியாளர்கள் சிலரும் நோயுற்றார்கள். அந்தக் கிருமியைப் பரப்புவது உண்ணி. குரங்கும் நம்மைப் போல அதற்குப் பலியாவதுதான். ஆனாலும் சாலையோரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அதை வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

ஊர்க் குரங்குகளைப் பிடித்துக் காட்டில் விட்டுவிட்டால் எல்லாம் தீரும் என்பது இன்னொரு வாதம். இதை நான் ஏற்கவில்லை. நாட்டுக்குரங்கு அடர்காட்டு விலங்கே அல்ல. ஆலும் அத்தியும் அணிவகுத்த சாலைகள், கோயில் தோப்புகள், குளக்கரைகள் ஆகியவைதான் அதன் பழைய இருப்பிடங்கள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 25 ஆண்டுகளில் அத்தகைய இடங்களில் அதன் எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிட்டது. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கும் அதன் எல்லைக்குள் பரவிவருகிறது. கவலைக்கிடமில்லாத இனம் என்று கருதப்பட்டதை, அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்போது மாற்றியிருக்கிறது.

ஆகவே குரங்குக்கு ஏதேனும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் கொடுக்க வேண்டியது மரம். ஆல், அரசு, அத்தி ஆகியவை எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓயும்போது இன்னொன்று பழுக்கும். மற்ற மரங்கள் வெறுங்கிளையோடு நிற்கும் மாதங்களிலும் குரங்குக்குப் பசியாற வழி இருக்கும். குண்டலுப்பேட்டையிலோ சத்தியமங்கலத்திலோ சாலையை அகலப்படுத்த ஒரு பழைய ஆலமரம் வெட்டப்படும்போது, அதற்கு ஈடாக என்ன மரம், எங்கே நடப்போகிறார்கள் என்று நெடுஞ்சாலைத் துறையிடம் ஊரார் கேட்க வேண்டும். சீக்கிரம் வளரும் அலங்கார மரங்களை நட்டுக் கணக்குக் காட்டினால் ஏற்கக் கூடாது. காட்டுச் சாலையிலோ, வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்காமல் போய்விடலாம்.