புத்தக அலமாரியில் எதை வைப்போம்?



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் வந்த நம்முடைய குடும்பங்களில், வீட்டுக்குள் வரும் பொருட்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தகரப்பெட்டியும் பாயும்; பின்பு அடுப்பும் கட்டிலும்; பின்பு பீரோ. பிள்ளைகள் வளர்ந்து, கடன் வாங்கியாவது சொந்த வீடு அமையும்போது, வரவேற்பறைச் சுவரோரம் கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரி ஒன்று வந்து நிற்கிறது. சில மாதங்களில் அது நிறைந்தும் விடுகிறது. ஆனால் எவற்றால் நிறைகிறது? பீங்கான் பொம்மைகள், பிளாஸ்டிக் பூக்கள், அலுவலகக் கேடயங்கள் ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. வேதாகமமும் ஆவிக்குரிய நூல்களும் அவற்றின் பின்னால் மறைந்துபோகின்றன.

வீட்டை அழகுபடுத்துவது பாவமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆசரிப்புக்கூடாரத்தின் சித்திர வேலைகளுக்காகப் பெசலெயேலைத் தேவன் தம்முடைய ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே அழகு தேவனுக்கு விரோதமானதன்று. நம்முடைய வீட்டு அழகு எதைச் சொல்லுகிறது என்பதே கேள்வி.

எசேக்கியா காட்டாமல் விட்டது

எசேக்கியா ராஜா மரண வியாதியிலிருந்து குணமானபின், பாபிலோனிலிருந்து தூதுவர் வந்தார்கள். தேசத்தில் நடந்த அற்புதத்தைக் குறித்து விசாரிக்கவே அவர்கள் வந்தார்கள் என்று 2 நாளாகமம் 32:31 கூறுகிறது. ராஜாவோ பொன்னையும் வெள்ளியையும் பரிமளத் தைலத்தையும் ஆயுதசாலையையும் திறந்து காட்டினான். அவர்கள் கேட்க வந்த சாட்சியை அவன் சொன்னதாக வேதத்தில் நாம் காண்பதில்லை. பின்பு ஏசாயா தீர்க்கதரிசி வந்து, வந்தவர்கள் உன் வீட்டில் எதைக் கண்டார்கள் என்று விசாரித்தான்.

நம்முடைய வரவேற்பறைக்கும் பலர் வருகிறார்கள். அடுத்த வீட்டு மராத்தியச் சகோதரி, அலுவலக நண்பர், பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் யாவரும் முதலில் பார்ப்பது அந்த அலமாரியையே. நம்முடைய சம்பளத்தின் அளவை அறிந்து போவார்களா, அல்லது நம்முடைய தேவனைக் குறித்து ஒரு கேள்வி கேட்பார்களா?

பெட்டிக்குள் இருந்தவை

உடன்படிக்கைப் பெட்டியில் இருந்தவற்றை எபிரெயர் 9:4 வரிசைப்படுத்துகிறது: மன்னா இருந்த பொற்பாத்திரம், துளிர்த்த ஆரோனின் கோல், கற்பலகைகள். எழுதப்பட்ட வார்த்தை ஒன்று. தேவன் செய்த நன்மைக்கு நினைவாக இரண்டு பொருட்கள். நம்முடைய அலமாரிக்கும் இது நல்ல மாதிரியல்லவா? சாலொமோனின் நாட்களிலோ பெட்டியில் கற்பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லையென்று 1 இராஜாக்கள் 8:9-இல் காண்கிறோம். ஆகையால் இடம் குறையும்போது பொருட்களை எடுத்துவிடுங்கள், வார்த்தையை எடுத்துவிடாதேயுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு புத்தகங்களுக்கும், மீதி அலங்காரத்துக்கும் வெறுமையான இடத்துக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய பொம்மைகள் பத்தைப் பரப்புவதைவிட, ஒரு தட்டுக்கு ஒரு பொருள் போதும். கனமான நூல்களும் பித்தளைப் பாத்திரங்களும் கீழ்த்தட்டில் இருக்கட்டும். சில புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கி, அவற்றின்மேல் ஒரு சிறு பொருளை வைத்தால் பார்வைக்கு இனிமையாயிருக்கும். புத்தகங்கள் சாயாதபடி இருபுறமும் தாங்கும் கட்டைகளும் அலங்காரமே.

எவற்றைத் தேர்ந்தெடுப்பது? யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டியது, பிள்ளைகள் அவற்றைக் குறித்துக் கேட்கும்போது பெற்றோர் பதில் சொல்லும்படிக்கே. இதுவே நமக்கும் அளவுகோல். பிள்ளை “இது என்ன?” என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு சாட்சி இருக்கிறதா? ஊரிலிருந்து பாட்டி முடைந்து அனுப்பிய பனையோலைப் பெட்டி, நீங்கள் முதன்முதல் இந்நகரத்துக்கு வந்த இரயில் பயணச்சீட்டைச் சட்டமிட்டது, ஞானஸ்நானம் எடுத்த நாளின் புகைப்படம், அவ்வாண்டின் வாக்குத்தத்த அட்டை ஆகியவற்றுக்கு விலை குறைவு. சொல்லவேண்டிய சாட்சியோ மிகுதி. விலைக்கு வாங்க விரும்பினால் பத்தமடைக் கோரைப்பாயில் ஒரு சிறு துண்டையோ, சன்னபட்டணத்தில் பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணமேற்றிய பொம்மையையோ வாங்குங்கள். உழைக்கும் கைகளுக்கு அது ஆதரவாகும்.

எச்சரிக்கையாயிருக்க வேண்டியவை

பண்டிகைக் காலத்தில் நண்பர்கள் விக்கிரகங்களையோ, அதிர்ஷ்டம் தருமென்று சிரிக்கும் புத்தர் பொம்மையையோ, வாஸ்துப் பொருட்களையோ அன்பளிப்பாகத் தருவார்கள். கொடுத்தவரின் அன்பை அவமதியாதேயுங்கள். ஆனால் நம்பிக்கைப் பொருளாக அவற்றை அலமாரியில் வைக்கவும் வேண்டாம். நம்முடைய விசுவாசத்தைச் சாந்தமாய் எடுத்துச் சொல்வதற்கு அது ஒரு தருணம். அதேவேளையில், வெண்கலச் சர்ப்பத்தை உடைத்தவனும் இதே எசேக்கியாதான் என்பதை மறவாதிருப்போம். மோசே செய்த நினைவுச் சின்னத்துக்கே ஜனங்கள் தூபங்காட்டினார்களே! திறந்த வேதாகமத்தை வாசியாமல் காவலுக்கென்று கண்ணாடிக்குள் பூட்டி வைப்பதும் அதைப் போன்றதே.

சரீரப்பிரகாரமான எச்சரிக்கைகளும் உண்டு. உயரமான அலமாரியைச் சுவரோடு திருகாணியால் இணைத்துவிடுங்கள். தவழும் பிள்ளை அதைப் பிடித்து ஏறினால் கவிழக்கூடும். மெழுகுவர்த்தியைத் தட்டில் ஏற்ற வேண்டாம். தண்ணீர்ப் புட்டியில் வளரும் மணிபிளாண்ட் கொடியைப் புத்தகங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்று வீசுவதால், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குலம் இடைவெளி விடுவதும், மழையில்லாத வேளையில் கதவைத் திறந்துவைப்பதும் பூஞ்சையைத் தடுக்க உதவும். சுவரில் இணைக்கும்போது இடையில் மரக்கட்டையைக் கொடுத்தால் இவ்விடைவெளி நிலைக்கும்.

பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் தட்டு

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நகரத்தில் வளரும் நம் பிள்ளைகளில் அநேகர் இந்தியையும் ஆங்கிலத்தையும் சரளமாய் வாசிக்கிறார்கள்; தமிழ் வேதாகமத்தையோ வாசிக்க முடியாமல் ஆராதனையில் மௌனமாய் அமர்ந்திருக்கிறார்கள். இந்திய மொழிகளில் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சானது நம்முடைய தமிழிலே. 1715-ஆம் ஆண்டு, தரங்கம்பாடியிலே. சீகன்பால்கு ஐயர் ஜெர்மனியிலிருந்து வந்து, பிள்ளைகளோடு மணலில் எழுதிப் பழகிய எழுத்துக்கள் அவை. அந்த எழுத்துக்கள் நம் வீட்டிலேயே அந்நியமாய்ப் போகலாமா?

ஆகையால் கண்ணுக்கு எட்டும் நடுத்தட்டைக் கேடயங்களுக்குக் கொடாமல், பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டை முதலாவது நிரப்புங்கள். அரிச்சுவடி, படங்களோடுள்ள வேதாகமக் கதைகள், பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் அங்கே இருக்கட்டும். அந்தத் தட்டுக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் வேண்டாம். அருகில் அந்நகரத்து மொழியில் ஒரு வேதாகமமும் இருக்கட்டும். கேட்டு வரும் அயலாருக்குக் கொடுக்கலாம். இரவு ஜெபத்துக்குமுன் பிள்ளை ஒரு வசனத்தையாவது எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். மூலைகள் மடங்கி, விரல் பட்டுக் கறுத்த அந்தப் புத்தகத்தைவிட அழகான பொருள் உங்கள் அலமாரியில் வேறில்லை.

கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.