லினக்ஸ் செயல்திறன் ஆய்வுக் கருவிகள்

கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் நேரம் எங்கே செலவாகிறது என்று அறிய உதவும் மென்பொருள்கள் செயல்திறன் ஆய்வுக் கருவிகள் எனப்படும். லினக்ஸ் இயக்குதளத்தில் இவற்றின் வளர்ச்சிக்கு இந்தியப் பொறியாளர்கள் முக்கியப் பங்காற்றியுள்ளனர்.

இருவகை அளவீடு

செயலி எந்த நிரல்பகுதியில் இருக்கிறது என்று சீரான இடைவெளியில் குறித்துக்கொள்வது மாதிரியெடுத்தல். குறிப்பிட்ட நிகழ்வை ஒவ்வொரு முறையும் பதிவுசெய்வது தடமறிதல். ஆவடி ரயில் நிலையத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை எண்ணுவது முதல் வகை; ஒவ்வொரு ரயிலும் வந்துபோகும் நேரத்தை எழுதிவைப்பது இரண்டாம் வகை.

வளர்ச்சி

முன்பு இயக்குதளத்தின் கருனிக்குள் புதிய அளவீட்டைச் சேர்க்க, நிரலைத் திருத்தி, மீண்டும் தொகுத்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஆராய வேண்டிய சிக்கல் அதற்குள் மறைந்துவிடக்கூடும்.

2004இல் லினக்ஸ் 2.6.9 பதிப்பில் சேர்ந்த 'கேபுரோப்ஸ்' இதை மாற்றியது. இதன் தொடக்க வடிவத்தை 2002இல் எழுதியவர் ஐபிஎம் இந்தியாவின் வம்சி கிருஷ்ணா. இது கருனியின் ஒரு கட்டளை இருக்கும் இடத்தில் நிறுத்தக் கட்டளையை வைக்கிறது. செயலி அங்கு வந்ததும் விவரம் பதிவாகிறது. பின்னர் மூலக் கட்டளை நிறைவேறி, வேலை தொடர்கிறது.

2009இல் 2.6.31 பதிப்புடன் மாதிரியெடுக்கும் 'பெர்ஃப்' கருவி வந்தது. 2012இல் 3.5 பதிப்பில் சேர்ந்த 'யூபுரோப்ஸ்', கேபுரோப்ஸ் தந்த வசதியைப் பயனர் நிரல்களுக்கும் விரித்தது. இதன் ஆசிரியர்களுள் ஒருவர் ஐபிஎம் இந்தியாவின் ஸ்ரீகர் துரோணம்ராஜு.

வரம்பு

அடிக்கடி நடக்கும் நிகழ்வைத் தடமறிந்தால் அந்தப் பதிவு வேலையே கணினியை மெதுவாக்கும். எனவே மாதிரியெடுத்துச் சிக்கல் உள்ள பகுதியை முதலில் கண்டுகொண்டு, பிறகு அங்கே மட்டும் தடமறிவதே நல்ல முறை.